கையொப்பம் வாங்கினார்கள், காரணம் கூறினார்களா?

இரண்டு பரப்புக் காணியை ஒருவர் எழுதிக் கொடுக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். உறுதியை வாசிக்க அவருக்குத் தெரியாவிட்டால் நொத்தாரிசு அதனை வாசித்துக் காட்ட வேண்டும். பொருளை விளக்க வேண்டும். அதன் பின்னரே கையொப்பமோ கைநாட்டோ வாங்க வேண்டும். இது நாட்டின் சட்டம். இக்கடமையில் தவறிய நொத்தாரிசுமார் குறுக்கு விசாரணையில் படும் பாட்டை நாம் பல முறை கண்டிருக்கிறோம். மண்ணுக்கு இத்துணைக் காவல் இட்ட நாட்டிலே, ஒரு தாயின் வயிற்றைக் கீறுவதற்கு வாங்கப்படும் கையொப்பத்துக்கு என்ன காவல் உண்டு?

சில மாதங்களுக்கு முன் வன்னிக் கமக்காரக் குடும்பத்து இளந்தாய் ஒருவர், கைக்குழந்தையோடும் தம் தாயாரோடும் நமது அலுவலகத்துக்கு வந்தார். வழக்குப் பேச வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றை நீட்டி, "ஐயா, எனக்கு இனிப் பிள்ளை பிறக்காதபடி செய்துவிட்டதாக இதிலே ஏதும் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டார்.

வாசித்தோம். இரண்டாவது சிசேரியன், முன்னரே திட்டமிட்டது, பெண் குழந்தை, தாயும் சேயும் நலம் என்பதே அதன் சாரம். கருக்குழாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனைக் கூறியதும் தாயார் அழுதுவிட்டார். மகள் அழவில்லை, துண்டை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஆறு கிழமையாகத் தாம் நித்திரை கொள்ளவில்லை என்று மட்டும் கூறினார்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? அவர் கூறியதை இங்கே தருகிறோம்.

கணவரின் தொழில் காரணமாக வடமாகாணத்துக்கு வெளியே ஒரு நகரில் இவர்கள் குடியிருந்தனர். முதற் பிள்ளை, ஒரு பகலும் இரவும் நோவெடுத்தும் பிறவாமையால், அவசர சத்திரசிகிச்சை மூலம் எடுக்கப்பட்டது. இரண்டாவது பிள்ளைக்கு வைத்தியர் கிளினிக் கொப்பியில் ஒரு தேதியை எழுதிக் கொடுத்தார். முதல் நாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரவு, தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் அச்சிட்ட தாள் ஒன்று வந்தது. ஒரு விரல் அதிலே ஓரிடத்தைச் சுட்டியது. கையொப்பமிட்டார். நள்ளிரவுக்குப் பின் உணவு இல்லை.

காலையில் முதுகை வளைத்து இருக்கும்படி சைகை காட்டினார்கள். முள்ளந்தண்டில் ஊசி ஏறியது. சிறிது நேரத்தில் கால்கள் பிறருடையவை போலப் பாரமாயின. நெஞ்சுக்கு நேரே துணித்திரை கட்டினார்கள். நினைவு தெளிவாக இருந்தது. கத்தி பட்டது தெரியவில்லை. ஆனால் வயிற்றுக்குள் இழுப்பதும் அமுக்குவதும் தெரிந்தன. இத்தகைய சிகிச்சையில் அது வழமை என்று எவரும் முன்கூட்டிச் சொல்லாமையால், ஊசி பழுதாகிவிட்டது, இனி நோவு வரப்போகிறது என்று நடுங்கியபடியே கிடந்தார். சுற்றி நின்றவர்கள் பேசியது அத்தனையும் அவருக்கு விளங்காத மொழி. விளங்கிய சொல் ஒன்றே ஒன்று: "அம்மா." தாய்மாரை ஆஸ்பத்திரித் தாதியர் அழைக்கும் அச்சொல் இரு மொழிக்கும் பொது. அவ்வாறு அழைத்த தாதி முடியும்வரை அவர் கையைப் பிடித்திருந்தாராம். அந்தத் தாதிக்காக இன்றும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்வதாகக் கூறினார். குழந்தை அழுதது, யாரோ ஏதோ சொன்னார்கள், திரைக்கு மேலே தூக்கிக் காட்டியபோதுதான் பெண் பிள்ளை என்று தாய்க்குத் தெரிந்தது.

சிகிச்சையில் குறை கூற நாம் வரவில்லை. தையல் நன்றாக ஆறிற்று. மறுநாளே எழுந்து நடந்தார். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டாலும் பிள்ளைக்குப் பால் கொடுத்தார். இலங்கையில் பிரசவத்தில் தாய்மார் இறப்பது வெகுவாகக் குறைந்ததற்கு இந்த வைத்தியரும் தாதியருமே காரணம். ஆயினும் வீடு திரும்பியபின், "இரண்டாம் முறை கீறினால் அதோடு குழாயையும் கட்டிவிடுவார்களே, நீ எதற்குக் கையொப்பம் வைத்தாய்?" என்று அயலில் ஒருத்தி கேட்டாள். எதற்கு வைத்தோம் என்று இவருக்குத் தெரியாது.

அவருக்குச் சொல்லப்படாதது இன்னுமொன்று உண்டு. முதற் பிள்ளையை வயிறு கீறி எடுத்தால் இரண்டாவதையும் அவ்வாறே எடுக்க வேண்டும் என்ற நியதி இல்லை. அத்தகைய தாய்மார் தக்க நிலையிலிருந்து இயல்பான பிரசவத்துக்கு முயன்றால் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்கு அது கைகூடும் என்றும், பழைய தழும்பு இருக்குமிடத்தில் கருப்பை கிழியும் ஆபத்து 200 பேரில் ஒருவருக்கு உண்டு என்றும் பிரித்தானிய மகப்பேற்று மருத்துவக் கல்லூரியின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. கீறல் கூடக்கூட, அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி தழும்பிலே ஒட்டிப்பிடிக்கும் ஆபத்தும் கூடும். இரு வழியிலும் ஆபத்து உண்டு, இரு வழியிலும் நன்மை உண்டு. ஆகவேதான் தெரிவு தாயினுடையது என்கிறோம். "கேட்டிருந்தால் ஆபரேசனுக்கு ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே," என்றார் அவர்.

வைத்தியருக்கு நேரமில்லை, நோயாளர் கூட்டம் தாங்க முடியவில்லை என்பார்கள். அவசர சிகிச்சையாயின் இவ்வாதத்தை நாமும் ஏற்போம். தாயின் உயிர் ஊசலாடும்போது எவரும் மொழிபெயர்ப்பாளரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இது திட்டமிட்ட சிகிச்சை. தேதி குறித்தது பல கிழமைக்கு முன்பு. தேதி குறிக்க நேரமிருந்தது. கட்டில் ஒதுக்க நேரமிருந்தது. தாயின் மொழியில் ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுக்க மாத்திரம் நேரமில்லையா?

ஸ்கொத்லாந்தில் 1999இல் நடீன் மொன்ட்கொமரி என்ற தாய் பிள்ளை பெற்றார். நீரிழிவு உள்ளவர், சிறிய உருவத்தினர். அத்தகைய தாய்மாரின் பிரசவத்தில், தலை வெளிவந்தபின் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து நூற்றுக்கு 9 அல்லது 10. வைத்தியர் அதனைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது அவருடைய நியாயம். தோள் சிக்கிற்று. 12 நிமிடம் கழிந்தது. பிள்ளையின் மூளை பாதிக்கப்பட்டது. தாய் ஸ்கொத்லாந்து நீதிமன்றங்களில் தோற்று, 2015 மார்ச்சில் ஐக்கிய இராச்சிய உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர் முன்னிலையில் வென்றார். அந்தத் தாயின் நிலையிலுள்ள ஒருவர் முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்றும், விளங்காத நுட்பச் சொற்களைக் கொட்டுவதாலோ வழமைக்காகத் தாளில் கையொப்பம் வாங்குவதாலோ வைத்தியரின் கடமை தீராது என்றும் அத்தீர்ப்புக் கூறிற்று. அது நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதனைத் தள்ளிவிட்டுப் பேசுவதும் இலகுவன்று. மொன்ட்கொமரி அம்மையாருக்கு வைத்தியரின் மொழியாவது தெரிந்திருந்தது!

1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தோடு நின்றுவிட்ட நிலை இன்றில்லை. 1987இல் 13ஆம் திருத்தமும் 1988இல் 16ஆம் திருத்தமும் தமிழை அரசியலமைப்பில் ஏற்றின. சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பகுதியிலும், அரச உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை 22ஆம் உறுப்புரை தருகிறது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை அன்றிரவு அந்தக் கட்டிலருகே வரவில்லை.

மருத்துவத்தைத் தமிழில் விளக்கச் சொல் இல்லை என்று நம்மவரிலேயே சில படித்தவர் சொல்வதுண்டு. அமெரிக்காவிலிருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். பிரசவ வைத்திய நூலையும் தமிழாக்கினார். 1867இல் "இரண வைத்தியம்" என்ற சத்திரசிகிச்சை நூலை வெளியிட்டார். அன்று ஓர் அந்நியருக்கு அகப்பட்ட சொற்கள் இன்று நமக்கு அகப்படாவோ?

நம் வீட்டாரையும் விட்டுவிட முடியாது. இதே தாயின் விடயத்தில், நட்சத்திரம் பார்த்து முகூர்த்தம் குறித்து, தேதியைப் பத்து நாள் முந்தப் போடும்படி வைத்தியரிடம் கேட்கச் சொன்னவர் மாமனார். வைத்தியர் மறுத்துவிட்டார், நன்று செய்தார். தக்க காரணமின்றி 39 கிழமை நிறையுமுன் கீறி எடுக்கும் பிள்ளைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு அதிகம். சோதிடரிடம் கேட்டார்கள், மாமனாரிடம் கேட்டார்கள், சுமந்தவளிடம் கேட்கவில்லை. கணவன் கையொப்பமிட்டால் போதும் என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது உண்மையே. அது காணிக்கு. சுயநினைவோடிருக்கும் வயது வந்த பெண்ணின் உடலுக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவள் அவளே.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. திட்டமிட்ட சத்திரசிகிச்சைக்குத் தேதி குறிக்கும் அன்றே, ஏன் செய்கிறோம், வேறு வழி உண்டா, ஊசியின்பின் என்ன உணர்வு இருக்கும், கருத்தடை இதில் சேர்ந்ததா இல்லையா என்பவற்றைத் தமிழில் எழுதிய தாளைத் தாயிடம் கொடுக்க வேண்டும். வீடு தேடி வரும் குடும்பநல மாது அதனை வாசித்து விளக்கலாம். கருத்தடைக்குத் தனித் தாளும் தனிக் கையொப்பமும் வேண்டும். கையொப்பமிட்ட தாளின் பிரதி தாயின் கையில் இருக்க வேண்டும். அத்தகைய தாளின் மாதிரி ஒன்றைத் தயாரிக்கத் தொடங்கியுள்ளோம். தமிழறிந்த மகப்பேற்று வைத்தியர்களும் தாதியரும் அதனைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும். விளங்காத தாளில் கையொப்பமிட்ட தாய்மார் இருப்பின், பெயரை மறைத்து, எந்த மாவட்டம், எந்த ஆண்டு என்பதை மட்டும் குறித்து நமக்கு எழுதுவார்களாக.