மின்சாரக் கார் யாருக்கு மலிவு?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், "இனி மின்சாரக் கார்தான்" என்று வீட்டில் பெரியோர் பேசிக்கொள்வதை நாம் கேட்டு வருகிறோம். புகையில்லை, ஓசையில்லை, செலவும் குறைவு என்று விளம்பரங்கள் முழங்குகின்றன. முதலிரண்டும் கண்கூடு. மூன்றாவதை மட்டும் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

டாடா நிறுவனத்தின் டியாகோ மின்சாரக் கார் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரூ. 8.49 லட்சம் தொடக்க விலையில் வெளிவந்தது. அதே டியாகோவின் பெட்ரோல் வண்டியைவிட இது ஏறத்தாழ ரூ. 3 லட்சம் கூடுதல். மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதமே. அப்படியிருந்தும் இத்தனை வித்தியாசம் ஏன் என்றால், பாட்டரியின் விலை அப்படி!

இனி ஓட்டும் செலவைப் பார்ப்போம். பெட்ரோல் லிட்டர் ரூ. 100 என்றும், நகரத்தில் 16 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொண்டால், கிலோமீட்டருக்கு ரூ. 6-க்குச் சற்று மேல் ஆகிறது. மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 அல்லது 8 கிலோமீட்டர் ஓடும். யூனிட் ரூ. 8 என்றாலும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்ச் சொச்சம்தான். மிச்சம் ரூ. 5. ஆக, அந்த 3 லட்சத்தை மீட்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர் போகும் குடும்பத்துக்கு இதற்கு 8 ஆண்டுகள் பிடிக்கும். பாட்டரிக்கு நிறுவனம் உத்தரவாதம் தருவதும் அதே 8 ஆண்டுகளுக்குத்தான்! நாளுக்கு 80 கிலோமீட்டர் வாடகைக்கு ஓட்டுபவருக்கோ இரண்டே ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும். ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் வண்டியை வெளியே எடுப்போருக்கு இது மலிவே அன்று.

எம்.ஜி. கோமெட் காரை 2024-இல் வேறொரு வழியில் விற்கத் தொடங்கினார்கள். காருக்கு ரூ. 4.99 லட்சம்; பாட்டரிக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 2.50 வாடகை. கையில் முன்பணம் இல்லாதவருக்கு இது உதவிதான். ஆனால் விலை குறைந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. அது தவணையாக உருமாறியிருக்கிறது, அவ்வளவே.

பணக்கணக்கு மட்டுமே ஒரு வண்டியை விரும்பச் செய்வதில்லை. 2001-இல் பெங்களூரில் ரேவா என்னும் குட்டி மின்சாரக் கார் வெளிவந்தது. ஒருமுறை சார்ஜ் செய்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடும். நம் நாட்டில் அதை வாங்கியோர் சிலரே. அதே கார் 'ஜி-விஸ்' என்ற பெயரில் லண்டனில் நல்ல வரவேற்புப் பெற்றது. அந்நகரின் மையப் பகுதியில் நுழையும் வண்டிகளுக்கு 2003 முதல் நெரிசல் கட்டணம் உண்டு. அப்போது மின்சாரக் காருக்கு அதிலிருந்து விலக்களித்திருந்தார்கள். வண்டி ஒன்றே, ஊரின் ஏற்பாடு வேறு!

நம் ஊரில் அந்த ஏற்பாடு எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஒரு பிளக்கிலிருந்து என்போம். சொந்த வீடும் கார் ஷெட்டும் உடையவர் இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர் மூன்றாம் மாடியிலிருந்து ஒயர் தொங்கவிடுவதா? வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் பூமியின் துயரையும் ஏழைகளின் துயரையும் பிரித்துப் பார்க்கவில்லை. (2024 டிசம்பரில் அவருக்கு வழங்கப்பட்ட ஊர்தியும் மின்சாரத்தில் ஓடுவதே. அதன் விலையை நம் கணக்கில் சேர்க்க வேண்டாம்!) காசுள்ளவருக்கு மட்டும் கிட்டும் தூய்மையை நாங்கள் பெரிதாகப் பாராட்ட மாட்டோம்.

புதுக் கட்டடங்களின் வண்டி நிறுத்துமிடத்தில் 20 சதவீதம் சார்ஜ் வசதியுடன் இருக்க வேண்டும் என மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் 2019-இல் திருத்தப்பட்டன. நல்லதே. ஆனால் நம்மில் பலர் குடியிருப்பது பழைய கட்டடங்களில். அங்கே தனி மீட்டருடன் ஒரு பொதுப் பிளக் வைத்து, பயன்படுத்தியவரிடம் யூனிட் கணக்கில் பணம் பெறலாமே! அதற்காகும் செலவு ஒரு பாட்டரியின் விலையில் சிறு பங்குகூட இராது. அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நம் பெற்றோர் இதை எழுப்புவார்களா?