கால் வழுக்கும் இடத்தில்



காவிரிக் கரையில் வசிக்கும் வாசகி ஒருவர் சென்ற மாதம் அஞ்சலட்டை ஒன்று எழுதியிருந்தார். "எங்கள் படித்துறையில் தண்ணீருக்குள் இருக்கும் கடைசி மூன்று படிகளிலும் பாசி பிடித்திருக்கிறது. ஆறு கெட்டுப்போச்சு என்கிறார் மாமியார். பாசி இருந்தால்தான் மீன் இருக்கும் என்கிறாள் என் மகள். யார் சொல்வது சரி?" அவ்வளவுதான் கடிதம். ஒரு வரியில் பதில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அவருக்கான பதில்.

பாசி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எத்தனையோ உயிர்களை அடைத்து வைத்திருக்கிறோம். குளத்து நீரைப் பச்சையாக்கி மிதப்பது ஒன்று. தண்ணீருக்கு அடியில் கல்லிலும் மணல் பருக்கையிலும் சேற்றின் மேலும் நீர்ச்செடியின் தண்டிலும் ஒட்டி வாழ்வது இன்னொன்று. வாசகி கேட்டிருப்பது இரண்டாவதைப் பற்றி. (மசாலாவுக்கு வாங்கும் கல்பாசி இந்தக் கணக்கில் வராது. அது லைக்கன், மரப்பட்டையில் வளர்வது.)

தெளிந்த ஓடையில் ஒரு கூழாங்கல்லை எடுத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பழுப்பாக, வழவழப்பாக ஒரு மெல்லிய பூச்சு கையோடு வரும். அழுக்கு என்று கழுவிவிடத் தோன்றும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் படகு வடிவத்திலும் விசிறி வடிவத்திலும் ஊசி வடிவத்திலும் கண்ணாடிப் பெட்டிகள் தெரியும். டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் அவை. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்துத் தமக்கு ஓடு செய்துகொள்பவை. சோப்புப் பெட்டியும் அதன் மூடியும் போல ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய இரண்டு பாதிகள், அவற்றின் மேல் வரிவரியாகத் துளைகள். பச்சையத்தை மறைக்கும் ஒரு பழுப்பு நிறமி அவற்றில் இருப்பதால்தான் கல் பழுப்பாகத் தெரிகிறது. கால் வழுக்குவது அவையும் பாக்டீரியாக்களும் சுரக்கும் பசையால்.

அந்தப் பூச்சுக்கு அடுக்குகள் உண்டு. வெள்ளம் உருட்டிப்போட்ட மொட்டைக் கல்லில் முதலில் பாக்டீரியாவும் பசையும் படியும். அதன் மேல் கல்லோடு கல்லாகப் படுத்து ஒட்டும் டயாட்டங்கள் வரும். பிறகு வெளிச்சத்துக்காகத் தண்டு நீட்டி நிற்பவை. கடைசியில் பச்சை இழைப்பாசிகள், தலைமுடி போல நீரோட்டத்தில் அலையும். அந்த இழைகளின் மேல் மறுபடி டயாட்டங்கள் குடியேறும். சில வாரங்களில் இவ்வளவும் நடந்துவிடும். அடுத்த வெள்ளம் எல்லாவற்றையும் உரித்துக்கொண்டு போக, படுத்து ஒட்டியவை மட்டும் தப்பிக்கும், கதை மீண்டும் தொடங்கும். சேற்றில் வாழும் டயாட்டங்களின் கதை வேறு. அவற்றுக்கு ஒட்டிக்கொள்ளப் பிடிமானம் இல்லை. ஆனால் ஊர்ந்து செல்லும் திறன் இருக்கிறது. மண் மூடினால் மேலே ஏறிவரும். பகலில் மேற்பரப்புக்கு வந்து வெயில் காய்ந்து, இருட்டும் முன் சேற்றுக்குள் இறங்கிக்கொள்பவையும் உண்டு.

இப்போது மகள் சொன்னதற்கு வருகிறேன். அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பிரையர் கிரீக் என்று ஒரு சிற்றோடை. அதில் அடுத்தடுத்த மடுக்களில் ஒன்று பச்சைப்பசேலென்று இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்றில் கல் வெறுமையாகக் கிடக்கும். தண்ணீர் ஒன்றுதான். சூழலியலாளர் மேரி பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கான காரணத்தைத் தேடி, கண்டதை 1985-இல் எழுதினார்கள். வெறுமையான மடுக்களில் பாசி மேயும் சிறு மீன்கள் கூட்டமாக இருந்தன. பச்சை மடுக்களில் அந்தச் சிறு மீன்களைத் தின்னும் பாஸ் மீன்கள் இருந்தன. வெறுமையான ஒரு மடுவில் பாஸ் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். சிறு மீன்கள் சில இரையாயின, சில மடுவை விட்டே ஓடின, மற்றவை ஆழமில்லாத ஓரத்துக்கு ஒதுங்கின. சில வாரங்களில் கல் பச்சையானது.

ஆக, கல்லில் பாசி கொஞ்சமாகத் தெரிந்தால் அங்கே பாசி வளரவில்லை என்று பொருள் கொள்ள முடியாது. வளர வளர யாரோ தின்றுகொண்டிருக்கலாம். நத்தையும் பூச்சிப் புழுக்களும் கல்லைக் கவ்வி மேயும் மீன்களும் அந்தப் பழுப்புப் பூச்சில்தான் பசியாறுகின்றன. மரநிழல் மூடிய மலையோடையில் உதிர்ந்த இலைதான் முக்கிய உணவு. ஆறு அகன்று வெயில் அடிவரை இறங்கும் இடத்தில் அந்தப் பொறுப்பைப் பாசி ஏற்றுக்கொள்கிறது. மகள் சொன்னது சரி.

மாமியாரும் தவறாகச் சொல்லவில்லை. சைபீரியாவின் பைக்கால் ஏரி 1,642 மீட்டர் ஆழம். உலகத்தின் நிலமேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்த ஒரே ஏரியில் இருக்கிறது. அதன் நடுப்பகுதி நீரை மொண்டு பார்த்தால் இன்றும் தெளிவுதான். ஆனால் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து கரையோர ஊர்களின் அருகே ஏரியின் அடியில் ஸ்பைரோகைரா போர்வை போலப் படர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சுருள் நாடாவாகப் பச்சையத்தை வரைந்து படம் போட்டோமே, அதே பாசி. அலை அதைக் கரையில் குவிக்க, அங்கே கிடந்து அழுகி நாறியது. ஊர்களின் கழிவுநீர் சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் ஏரிக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்ந்ததுதான் முக்கியக் காரணம்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. கரையிலிருந்து கசியும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் முதலில் சந்திப்பது ஓரத்து அடிப்பாசிதான். வந்ததை வந்தவுடன் அது உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் நடு ஏரியில் புட்டியை முக்கிச் சோதித்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே முடிவு வரும். மேலே நீலம், அடியில் பச்சை. தெளிந்த ஏரிகள் பலவற்றில் இப்படி நடப்பதை ஆய்வாளர்கள் 2021-இல் தொகுத்து எழுதினார்கள். நம் ஊர்களிலும் நீர்நிலையைச் சோதிப்பவர்கள் புட்டியில் தண்ணீர் பிடிப்பதோடு நிறுத்தக் கூடாது, கரையோரத்துக் கல்லையும் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பாசி மிகுந்தாலே சாக்கடைதான் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் வேண்டாம். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் 2004-இல் டிடிமோ என்னும் டயாட்டம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்பரஸ் மிகக் குறைந்த, தெளிந்த, குளிர்ந்த ஆறுகளில்தான் அது தண்டு தண்டாக நீண்டு ஈரக் கம்பளி போலக் கற்களை மூடியது.

அப்படியானால் எதை வைத்துத்தான் தீர்மானிப்பது? எவ்வளவு பாசி என்பதைவிட எத்தனை வகைப் பாசி என்று பார்க்கச் சொன்னவர் ரூத் பாட்ரிக். 1907-இல் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா வாங்கிக்கொடுத்த நுண்ணோக்கியில் தொடங்கி வாழ்நாள் முழுதும் டயாட்டங்களோடு இருந்து, 2013-இல் தமது 105-வது வயதில் மறைந்தார். பென்சில்வேனியாவின் கனெஸ்டோகா ஓடையையும் அதன் கிளைகளையும் 1948-இல் ஒரு குழுவோடு இறங்கி ஆராய்ந்தார். நல்ல ஓடையில் பல இனங்கள் இருக்கும், பெரும்பாலானவை எண்ணிக்கையில் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். கெட்ட ஓடையில் இனங்கள் குறைந்து, மிஞ்சியவற்றில் சில கட்டுக்கடங்காமல் பெருகியிருக்கும். இதை அளக்க அவர் செய்த கருவி மிக எளிமையானது. மிதவையில் கண்ணாடித் துண்டுகளைச் செருகி ஆற்றில் கட்டிவிடுவார். சில நாளில் அதன் மேல் குடியேறியவர்களை எண்ணுவார். ஒரு நுண்ணோக்கி உள்ள எந்தப் பள்ளிக்கூடமும் இதைச் செய்யலாம்.

நம்மிடமும் இதற்கு மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். தேங்கிய மழைநீர் வற்றும்போது மிஞ்சும் ஈர வண்டலில் வளரும் ஒரு பாசியை அவர் 1932-இல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். லண்டனில் தமக்கு வழிகாட்டிய ஃபிரிட்ஷின் நினைவாக அதற்கு ஃபிரிட்ஷியெல்லா என்று பெயரிட்டார். நாம் சேறு என்று தாண்டிப் போகும் இடத்தில் அவர் குனிந்து பார்த்திருக்கிறார்.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் நீச்சல் பழகிய ஊரணியை அழகுபடுத்துவதாகச் சொல்லி, சரிந்த மண்கரையை வெட்டிச் செங்குத்தாக கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். முழங்கால் ஆழத் தண்ணீர் என்ற ஒன்றே இப்போது அங்கே கிடையாது. வெயில் தரையைத் தொடும் அந்த ஆழமற்ற ஓரத்தில்தான் அடிப்பாசி வாழ முடியும். அது வெளியிடும் ஆக்சிஜன் சேற்றின் மேற்பரப்பில் பரவும். அதனால்தான் சேற்றிலுள்ள பாஸ்பரஸ் இரும்போடு பிணைந்து அங்கேயே கிடக்கும். அந்த ஓரம் போனால் சேற்றிலிருந்து சத்து கரைந்து மேலே வரும், தண்ணீர் முழுக்கப் பச்சைக் குழம்பாகும். எங்கள் ஊரணிக்கு அதுதான் நடந்தது. உங்கள் ஊரில் இப்படியொரு திட்டம் வந்தால் சரிவான கரையை விடச் சொல்லிக் கேளுங்கள்.

வாசகிக்கு இனி நேரடியாகவே சொல்கிறேன். மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போங்கள். படியில் இருப்பது மெல்லிய பழுப்புப் பூச்சு, அதில் நத்தைகள் மேய்கின்றன என்றால் கவலை வேண்டாம். நீளமான பச்சை இழைகள் என்றால் அவை துறை முழுதும் இருக்கின்றனவா, ஏதாவது வாய்க்கால் கலக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே மட்டும் என்றால் அந்த வாய்க்காலின் வழியே மேலே நடந்து போய்ப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நனைந்த பஞ்சு போலத் தொங்கினால் அது பாசியே அல்ல, சாக்கடையை உண்டு வளரும் பாக்டீரியா. உடனே ஊராட்சியில் முறையிடுங்கள். கரும்பச்சையில் தோல் போலத் திட்டுத்திட்டாகப் படர்ந்து உரிந்து வந்தால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். சிலவற்றில் நஞ்சு உண்டு, நியூசிலாந்து ஆற்றங்கரைகளில் அதைத் தின்ற நாய்கள் இறந்திருக்கின்றன. ஆடுமாடும் நாயும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற வாசகர்களும் உங்கள் ஊர் ஆற்றிலோ குளத்திலோ ஒரு கல்லை எடுத்துப் பார்த்து, நிறம் என்ன, எந்த இடம், என்றைக்கு என்று ஓர் அட்டையில் எழுதி அனுப்புங்கள். வருவதை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே, பாசி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்