அந்த ‘ஃபார்மட்’ பட்டனை அழுத்துவதற்கு முன்னால்…

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும். பொறுமையாகப் படியுங்கள்.

திருநள்ளாற்றிலும் காரைக்காலிலும் பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. மாங்கனித் திருவிழாவை ஒட்டியும், ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையிலும் பிள்ளைகள் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள். அங்கே பலர் கையில் மேக் கணினி. இங்கே நம் வீடுகளிலும் ஸ்டூடியோக்களிலும் விண்டோஸ். கல்யாண வீடியோ, தாத்தாவின் பழைய புகைப்படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் என்று எல்லாம் ஒரு டிஸ்க்கில் ஏறி இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் போகின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நம் ஊர் டிஸ்க்கை மேக்கில் செருகினால் படங்கள் தெரிகின்றன, திறக்கின்றன. ஆனால் புதிதாக ஒரு படத்தைக்கூட உள்ளே போட முடியாது. மேக்குக்கென்று தயாரான டிஸ்க்கை இங்கே விண்டோஸில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். எதுவுமே தெரியாது. அதோடு, ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். ஃபார்மட் பட்டனும் அதிலேயே தயாராக இருக்கும்.

‘டிஸ்க் போயிடுச்சு சார், கடையில ஃபார்மட் பண்ணணும்னு சொல்றாங்க’ என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இப்படி வரும் டிஸ்க்குகளில் பல கெட்டுப்போனவையே அல்ல. உள்ளே இருப்பது வேறு மொழி, அவ்வளவுதான். அதைப் படிக்கத் தெரியாத கணினி, ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘அழித்துவிடட்டுமா’ என்று கேட்கிறது. இதை நான் பெரிய தவறு என்றுதான் சொல்வேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வரும்வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. அந்தக் காலத்துப் பத்திரங்கள் பிரெஞ்சில் இருக்கின்றன. நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காக யாராவது அந்தப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத்தாள் வாங்குவோமா? பிரெஞ்சு தெரிந்த ஒருவரைத் தேடிக்கொண்டு போகிறோம். டிஸ்க்குக்கும் அதே நியாயம்தான்.

இனி கொஞ்சம் பாடம். டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒரு பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டை எழுதும் முறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. விண்டோஸின் முறை என்.டி.எஃப்.எஸ். 1993-ல் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது. ஆப்பிளின் இப்போதைய முறை ஏ.பி.எஃப்.எஸ். லினக்ஸில் பெரும்பாலும் ஈ.எக்ஸ்.டி.4. இவை தவிர எல்லோருக்கும் புரிகிற பழைய முறை ஒன்று உண்டு, ஃபேட்32. ஆனால் அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. இன்றைய கல்யாண வீடியோவுக்கு அது போதாது.

மேக் 2003 முதலே என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கைப் படிக்கிறது. எழுதத்தான் விடுவதில்லை. இதில் ஆப்பிள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. ஓர் ஆசிரியரின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், யார் வந்தார், யார் வரவில்லை என்று எவரும் சொல்லிவிடலாம். அதில் எழுத வேண்டுமென்றால் அவருடைய குறியீடுகள் முழுக்கத் தெரிய வேண்டும். தெரியாமல் எழுதினால் பதிவேடே குழம்பிப்போகும். என்.டி.எஃப்.எஸ்.ஸின் உள்விவரங்களை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிடவில்லை. ஆகவே ‘படிக்கலாம், எழுதக் கூடாது’ என்று ஒதுங்கியது அன்றைக்கு எச்சரிக்கை.

இன்றைக்கு அந்தச் சமாதானம் செல்லாது என்பது என் கருத்து. எழுத வைக்கும் என்.டி.எஃப்.எஸ்-3ஜி என்ற கட்டற்ற மென்பொருள் 2007-லேயே நிலையான பதிப்பாக வந்துவிட்டது. 2021-ல் லினக்ஸின் 5.15 கெர்னலில், படிக்கவும் எழுதவும் வல்ல இயக்கி நேரடியாகவே சேர்ந்தது. அதைக் கொடுத்தது யார் தெரியுமா? மேக்கில் என்.டி.எஃப்.எஸ். எழுதுவதற்கான மென்பொருளைக் காசுக்கு விற்கிற பாராகன் நிறுவனமேதான். ஆக, முடியாது என்பதல்ல. நம் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்க்கில் நாமே எழுதுவதற்குத் தனியாக ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கிறது. விண்டோஸும் சளைத்ததல்ல. ஆப்பிளின் டிஸ்க்கை அது தானாகப் படிக்கக்கூடச் செய்வதில்லை.

‘நம் வீட்டில் மேக் இல்லையே’ என்பவர்களுக்கும் இது உண்டு. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் பல லேப்டாப்கள் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டோடும் வந்தன. பக்கத்து மாவட்டப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தார்கள். அதில் ஒரு சங்கடம் உண்டு. புதிய விண்டோஸில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும், சீக்கிரம் திறப்பதற்காக அது பாதித் தூக்கத்தில்தான் போய்ப் படுக்கும். அந்த நிலையில் லினக்ஸ் வழியாகப் போனால் விண்டோஸ் பகுதியில் எழுத முடியாமல் போகும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும். டிஸ்க்கை முறையாக ‘எஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கினாலும் லினக்ஸ் எழுத மறுக்கலாம். அந்த மறுப்பு நம் கோப்புகளைக் காப்பதற்காகத்தான்.

சரி, என்ன செய்யலாம்?

1. ஃபார்மட் கேட்டால் ‘கேன்சல்’ கொடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். அது எந்தக் கணினியில் கடைசியாக வேலை செய்தது என்று யோசியுங்கள். அதே வகைக் கணினி ஒன்றில் செருகிப் பாருங்கள். பாதிக் கவலை அங்கேயே தீரும்.

2. என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கிலிருந்து மேக்குக்குப் படங்களை எடுப்பதற்கு எதுவும் தேவையில்லை. காப்பி ஆகும். மேக்கிலிருந்து அதே டிஸ்க்கில் எழுத வேண்டியது அடிக்கடி வருமென்றால் பாராகன், டக்ஸெரா போன்ற கட்டண மென்பொருள்கள் இருக்கின்றன. இலவச வழிகளும் உண்டு. ஆனால் அவற்றில் சில, புதிய மேக்கின் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்தச் சொல்லும். விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

3. ஊர் விட்டு ஊர் போகும் டிஸ்க் என்றால் எக்ஸ்ஃபேட் முறையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸும் மேக்கும் படிக்கும், எழுதும். 4 ஜி.பி. தொல்லை கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2019-ல் இதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பிறகு லினக்ஸிலும் சேர்ந்துவிட்டது.

4. ஏற்கெனவே கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை அழிக்காமல் எக்ஸ்ஃபேட்டாக மாற்ற விண்டோஸிலோ மேக்கிலோ வழி இல்லை. முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்தில் காப்பி எடுங்கள். பத்துப் படங்களையாவது திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் ஃபார்மட். எக்ஸ்ஃபேட்டுக்கும் ஒரு குறை உண்டு. நடுவில் மின்சாரம் போனாலோ டிஸ்க்கைப் பிடுங்கினாலோ என்.டி.எஃப்.எஸ். அளவுக்குத் தாங்காது. எஜெக்ட் செய்யாமல் எடுக்கவே கூடாது. ஒரே ஒரு பிரதியை மட்டும் அதில் வைத்திருக்கவும் கூடாது.

5. அவசரத்தில் ஃபார்மட் ஆகிவிட்டதா? அந்த டிஸ்க்கில் அதற்கு மேல் ஒரு கோப்பும் எழுதாதீர்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மட் மட்டும் ஆகியிருந்தால் மீட்க வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி. என்றால் வாய்ப்பு குறைவு.

இது தனி ஆள் சாமர்த்தியத்தால் மட்டும் தீரக்கூடிய விஷயம் அல்ல. தமிழ் எழுத்துருவில் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? ஒருவர் ஓர் எழுத்துருவில் வினாத்தாள் தட்டச்சு செய்து அனுப்பினால், இன்னொரு பள்ளியில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு கூட்டி, விசைப்பலகைக்கும் குறியாக்கத்துக்கும் தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இன்று காரைக்காலில் தட்டிய எழுத்து பாரிஸிலும் அப்படியே தெரிகிறது. எல்லோரும் ஒரு பொது முறைக்கு வந்ததால்தான் அது நடந்தது.

அதையேதான் இதிலும் கேட்கிறேன். ஸ்டூடியோக்காரர்கள் ஆல்பத்தையும் வீடியோவையும் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் கொடுக்கட்டும், டிஸ்க்கின் மேல் அதை எழுதியும் ஒட்டட்டும். கடைத் தம்பிகள் ஃபார்மட்டுக்கு முன் ‘இது எந்தக் கம்ப்யூட்டர்ல ஓடினது?’ என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பள்ளிக் கணினிப் பாடத்தில் வேர்டு, எக்ஸெலுக்கு முன்னால் இதற்கு ஒரு பீரியட் ஒதுக்கட்டும். நிறுவனங்கள் அந்தப் பெட்டியில் உண்மையை எழுதட்டும்: ‘இதை என்னால் படிக்க முடியவில்லை. வேறு கணினியில் படிக்கக்கூடும்.’ தமிழில் எழுதினால் இன்னும் நல்லது.

வீட்டில் பழைய டிஸ்க் ஏதாவது ‘கெட்டுப்போனது’ என்று அலமாரியில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கணினியில் ஓடியது, இப்போது என்ன செய்தி காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததை, இதே துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சொல்வார்கள்.