இந்தியாவின் நம்பர் 1... வங்கியில் 80 ஆயிரம் ரூபாய்! டென்னிஸில் காசு எங்கே போகுது?

2023 செப்டம்பர். சுமித் நாகல் அப்போது இந்தியாவின் நம்பர் 1 டென்னிஸ் வீரர்; உலகத் தரவரிசையில் 159. ஆனால், தன் வங்கிக் கணக்கில் இருப்பது 900 யூரோ, அதாவது சுமார் 80 ஆயிரம் ரூபாய்தான் என்றார்.

ஜெயித்த பணம் என்னாச்சு? விமான டிக்கெட், ஹோட்டல், கோச் சம்பளம் என எல்லாமே வீரரின் கைக்காசு. ஒரே ஒரு கோச்சோடு சுற்றினாலே வருஷத்துக்கு 80 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் ஆகும் என்பது நாகல் சொன்ன கணக்கு.

கீழே போகப் போக நிலைமை இன்னும் மோசம். எம்15 தொடர்களில் மொத்தப் பரிசே 15,000 டாலர். சாம்பியனுக்கே 2,160 டாலர்தான். முதல் சுற்றில் தோற்றால், வந்த செலவுக்குக்கூட கட்டாது.

நாகல் தப்பித்தார். 2024 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் பப்ளிக்கை வீழ்த்திய அந்த ஒரு வெற்றி, 1.8 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை உறுதிசெய்தது. எல்லோருக்கும் அப்படியொரு நாள் அமையுமா?

டாப் 250 வீரர்களுக்குக் குறைந்தபட்ச வருமான உத்தரவாதத்தை 2024-ல் ஏடிபி கொண்டுவந்தது. 176 முதல் 250 வரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலர். நல்ல விஷயம்தான். ஆனால், 251-வது இடத்தில் இருப்பவர்? இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 2022-ல் நாகலே 500-க்குக் கீழே சரிந்தவர்தான்.

கிராண்ட்ஸ்லாம் வருமானத்தில் இன்னும் பெரிய பங்கு இந்தச் சின்னத் தொடர்களுக்கு வர வேண்டும். இல்லையென்றால், திறமை இருப்பவர் அல்ல, காசு தீராதவர்தான் களத்தில் மிஞ்சுவார்.