நேர்முகத் தேர்வில் நம்மை நாமே மறைக்கலாமா?

மகனுக்கோ மகளுக்கோ நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு வந்துவிட்டால், பல வீடுகளில் முதற்பயணம் துணிக்கடைக்குத்தான். கோட்டு, டை, புதுக் காலணி எல்லாம் வாங்கப்படுகின்றன. அடுத்தது பயிற்சி வகுப்பு. “உங்களைப் பற்றிக் கூறுங்கள்” என்னும் வினாவுக்கு ஆயத்தமான விடை ஒன்று அங்கே அனைவருக்கும் பொதுவாக வழங்கப்படுகிறது. நல்லெண்ணத்தைப் பெறுவதற்கு இவையே வழி என்னும் நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. வங்கிப் பணியில் இருந்த காலத்தில் சில ஆண்டுகள் தேர்வுக் குழுவில் அமர்ந்தவன் என்ற முறையில் இதைக் கூறுகிறேன்.

பெற்றோரின் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பொதுத்துறை வங்கிகளின் புரொபேஷனரி அதிகாரிப் பணிக்கு ஐ.பி.பி.எஸ். வழியாக நடைபெறும் தேர்வில், நேர்முகத் தேர்வுக்கு 100 மதிப்பெண்கள். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத் தேர்வுக்கு 20 என்னும் விகிதத்தில் மதிப்பளிக்கப்படுகிறது. ஓராண்டு உழைப்பின் பயன் சில நிமிட உரையாடலில் கைநழுவிப் போகலாம்.

ஒருமுறை, நெசவாளர் ஒருவரின் மகன் எங்கள் முன் அமர்ந்தார். மனப்பாடம் செய்த அறிமுகத்தைத் தடையின்றி ஒப்பித்தார். தந்தையின் தொழில் என்னவென்று கேட்டபோது, “சொந்தத் தொழில்” என்றார். மீண்டும் கேட்டோம். தலையைத் தாழ்த்திக்கொண்டு, “கைத்தறி நெசவு” என்றார். “உங்கள் தந்தை கடன் கேட்டு நம் கிளைக்கு வந்தால், அவரிடம் என்னென்ன கேட்பீர்கள்?” என்று குழுத் தலைவர் வினவினார்.

இளைஞரின் குரல் மாறியது. நூல் வாங்கும் நாளுக்கும் சேலை விற்றுப் பணம் கைக்கு வரும் நாளுக்கும் இடையே எத்தனை வாரம் கடக்கிறது, மழைக்காலத்தில் பாவு உலராமல் வேலை நிற்கும் நாள்கள் எத்தனை, பண்டிகைக்கு முன் எவ்வளவு நூல் இருப்பு வேண்டும் என்று வரிசையாகக் கூறினார். ஆங்கிலம் சற்றுத் தடுமாறியது; கருத்து தடுமாறவில்லை. நடைமுறை மூலதனம் என்று பாடநூல் கூறுவதை, அச்சொல்லைப் பயன்படுத்தாமலே விளக்கிவிட்டார். எதை மறைக்க விரும்பினாரோ, அதுவே அவருடைய வலிமையாக இருந்தது. பின்னர் கேட்ட ஒரு வினாவுக்கு, “எனக்கு விடை தெரியவில்லை, ஐயா” என்றார். அதனால் எங்கள் மதிப்பில் அவர் தாழ்ந்துவிடவில்லை.

அன்றே வந்த மற்றொருவரிடம், கடன் எப்போது வாராக்கடனாக வகைப்படுத்தப்படும் என்று கேட்டோம். ஓராண்டு என்றார், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் என்றார். பொதுவான காலக்கடனில் தவணையோ வட்டியோ 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் என்பதே விதி. அதை அறியாதது பெருங்குறையன்று. பணியில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் கூறும் பழக்கமோ, பிறர் பணத்தைக் காக்கும் இடத்தில் ஆபத்தானது.

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், குடிமைப் பணிகளுக்கான நேர்முகத் தேர்வு குறுக்கு விசாரணையன்று, நோக்கமுடைய இயல்பான உரையாடலே என்று தன் தேர்வு விதிகளில் விளக்குகிறது. உரையாடலுக்கு ஒப்பித்தல் துணை செய்யாது. தூய எளிய உடை, குறித்த நேரத்துக்கு முன்னரே வருகை, வினாவை முழுவதும் கேட்டபின் பேசும் பொறுமை ஆகியவை போதும்.

ஆகவே, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இரவு உணவின்போது உங்கள் ஊரைப் பற்றியும், உங்கள் தொழிலைப் பற்றியும், தாம் படித்த பட்டப்படிப்பைப் பற்றியும் பிள்ளைகளைப் பேச விடுங்கள். கைப்பேசியிலேயே பணப் பரிமாற்றம் முடிந்துவிடுவதால், வங்கி வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் பலர் கிளைக்குள் நின்று பார்த்ததே இல்லை. அடுத்த முறை கிளைக்கு வரும்போது அவர்களையும் அழைத்து வாருங்கள். முதியவர் ஒருவர் ஓய்வூதியம் பெறுவதையும், சிறு வணிகர் ஒருவர் கடனுக்காகக் காத்திருப்பதையும் அவர்கள் காணட்டும். “ஏன் இந்த வேலை?” என்று கேட்கப்படும்போது, சொந்தமாகச் சொல்ல அவர்களிடம் ஏதேனும் இருக்கும்.