உடுக்குறி தாங்கிய ஒரு வினைச்சொல்

மொழிவரலாற்று நூல்களில் சில சொற்களுக்கு முன்னே ஓர் உடுக்குறி நிற்கக் காண்கிறோம். அச்சொல் ஏட்டிலோ கல்வெட்டிலோ கிடைத்ததன்று. கிளைமொழிகளை ஒப்பிட்டு மீட்டமைக்கப்பட்டது என்பதே அக்குறியின் பொருள். கிடைத்ததையும் கருதியதையும் பிரித்துக்காட்டும் அந்நேர்மையை நாமும் பழகுதல் வேண்டும்.

தொல்கெல்டிக் மொழிக்குரியதாக மீட்டமைக்கப்பட்ட 'பெரெதி' என்னும் வினையைக் காண்போம். 'சுமக்கிறான்' என்பது பொருள். முதற் பகரத்தைப் 'பாபு' என்பதிற்போல ஒலித்தல் வேண்டும். சுமக்கிறேன் 'பெரூ', சுமக்கிறாய் 'பெரெசி', சுமக்கிறார்கள் 'பெரொந்தி' என இடமும் எண்ணும் ஈற்றில் விளங்கும். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவியர் இலத்தீன் ஏடுகளின் வரியிடையிலும் ஓரத்திலும் எழுதிய குறிப்புரைகளே பழைய ஐரிஷின் தலையாய சான்றுகள். அம்மொழியில் 'சுமக்கிறேன்' என்பது 'பிரு'. 'சுமக்கிறான்' என்பது 'பெரித்'. சியூஸ் 1853இல் வெளியிட்ட கெல்டிக் இலக்கணம் அக்குறிப்புரைகளின்மேல் எழுந்ததாகும்.

மீட்டமைத்த சொல் வெறுங் கற்பனையே என்பாரும் உளர். அவர்க்கு விடை இறந்தகால வடிவில் உள்ளது. பழைய ஐரிஷில் இவ்வினையின் இறந்தகாலத்தைத் தகரம் உணர்த்துகிறது. அத்தகரம் எங்கிருந்து வந்தது? தொன்மையான 'பெர்ஸ்த்' என்பதில் ஸகரம் காலங்காட்டியது. தகரம் படர்க்கை ஒருமை ஈறு. இடைநின்ற ஸகரம் கெடவே 'பெர்த்' ஆயிற்று. பின்னர் ஈற்றுத் தகரமே காலங்காட்டுவதாகக் கருதப்பெற்றுத் தன்மைக்கும் முன்னிலைக்கும் பரவிற்று. வாட்கின்ஸ் 1962இல் இவ்வாறு விளக்கினார். வேறு வழியில் விளங்காததை விளக்குவதே மீட்டமைப்பின் தகுதி.

தமிழின் 'பொறு' என்பதும் 'பெரெதி'யும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கக் கண்டு, இரண்டும் ஒன்றெனக் கூற விரைவோர் உண்டு. ஓரிணை ஒப்புமை சான்றாகாது. கெல்டிக் பகரத்துக்கு நேராக இலத்தீனில் ஃபகரமும் வடமொழியில் மூச்சொலியுடைய பகரமும் நிற்பது, சுமத்தற் சொல்லில் மட்டுமன்று, உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல்லிலும் காணப்படுகிறது. இவ்வாறு சொல்தோறும் தொடரும் முறைமையே உறவுக்குச் சான்று.

ஆகவே சொற்பிறப்புக் கூறப் புகும் மாணவர், "இதைப்போன்ற இணைகள் வேறு எத்தனை?" என்று முதலில் தம்மையே வினவுக. விடை கிட்டாவிடின் உடுக்குறியும் இடற்க. உண்மையின்மேல் நிற்கும் பெருமையே தமிழுக்குப் பெருமை. ஊகத்தை உண்மையாக்குதல் அதற்கு அணியன்று.