குழாய்க்குக் கடைசி, குழிக்கு முதலா?

பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்கு நகராட்சிகள் தீர்மானம் போடும்போது செலவுக் கணக்குதான் பேசப்படுகிறது. அடைப்பு எடுக்க யார் இறங்குவது, சுத்திகரிப்பு நிலையம் யார் வீட்டுக்கு அருகில் என்ற கேள்விகளுக்குச் சேரியே விடையாகிறது. குடிநீர்க் குழாய் மட்டும் அங்கே கடைசியில்தான் வருகிறது.

பாதுகாப்புக் கருவியின்றி மலக்குழியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எந்திரங்களைப் பயன்படுத்துவதை உள்ளாட்சியின் கடமையாக்குகிறது. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. இழப்பீடு செத்த பிறகு வருவது. எந்திரம் அதற்கு முன்பே வர வேண்டியது.

எந்திரம் வாங்காமல் திட்டத்தைத் திறக்கக் கூடாது. நிலையத்தின் இடத்தை அப்பகுதி மக்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். குடிநீர் இணைப்பு சேரியிலிருந்து தொடங்க வேண்டும். இம்மூன்றும் தீர்மானத்தில் இடம்பெற வேண்டும் என்கிறோம். மாணவர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் தீர்மான நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.